நகைச்சுவை ஆல்பத்துக்கு விக்கிப்பீடியாவில் தனிக்கட்டுரை தேறுமா? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில விக்கிப்பீடியாவில் நான் முதன்முதலில் எழுதிய ஆல்பம் கட்டுரை ரொம்ப நாள் தாங்கவில்லை. எனக்குப் பிடித்த ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞரின் மூன்றாவது ஆல்பம் அது. வெளியான தேதி, வெளியிட்ட நிறுவனம், பதினான்கு துண்டுகளின் (டிராக்குகளின்) தலைப்பு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் எத்தனை நொடி, அட்டைப்படம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தேன். நீக்கிவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். விவாதத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூட ஆல்பம் மோசம் என்று சொல்லவில்லை. பாதிப் பேர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இதைப் பற்றி வேறு யார் எழுதியிருக்கிறார்கள்?" என்னிடம் பதில் இல்லை. ஏழு நாள் விவாதம் முடிந்ததும் கட்டுரை போய், அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் கலைஞரின் பக்கத்துக்குப் போகும்படி வழிமாற்று வைத்துவிட்டார்கள்.

கோபம் ஆறியபின் அந்த விவாதங்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இப்போது எழுதுவதற்கு முன்பே ஒரு ஆல்பம் தேறுமா தேறாதா என்று ஓரளவுக்குச் சொல்லிவிட முடிகிறது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். விதிகள் விரிவாக எழுதப்பட்டிருப்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன். தமிழ் விக்கிப்பீடியா பற்றிக் கடைசியில் வருகிறேன்.

கேள்வியைச் சரியாகப் பிடியுங்கள்

ஆல்பம் நல்லதா என்பது விமர்சகரின் கேள்வி. எத்தனை விற்றது என்பது கடைக்காரரின் கேள்வி. கலைக்களஞ்சியம் கேட்பது வேறு. இந்த ஆல்பத்தால் லாபமோ நஷ்டமோ இல்லாத, நம்பத்தக்க ஆட்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்களா? இதைத்தான் விக்கிப்பீடியர்கள் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். பெயர் கம்பீரமாக இருப்பதால் பலர் இதை ஏதோ விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஒரு நடைமுறைத் தேவை. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு "மூன்றாவது துண்டு பிரமாதம்" என்று நீங்களே எழுத முடியாது. யாரோ ஒரு விமர்சகர் அப்படி எழுதியிருந்தால் அதைச் சொல்லலாம். யாருமே எழுதாத ஆல்பத்துக்கு நீங்கள் எழுதக்கூடியது துண்டுப் பட்டியல் மட்டும்தான். அதற்கு இசைக் கடைப் பக்கமே போதும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கலைஞரின் புகழ் ஆல்பத்துக்குத் தானாக வந்து ஒட்டாது. பத்து ஆல்பம் போட்ட பெரிய ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு ஆல்பமும் தன் காலில் நிற்க வேண்டும். இசை சம்பந்தப்பட்ட விதிமுறையிலேயே இது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிட்ட நிறுவனத்துக்கும் இதே கதைதான். சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் பேட்டன் ஆஸ்வால்ட் போன்றவர்களின் நகைச்சுவை ஆல்பங்களையும் வெளியிட்டிருக்கிறது. அதன் முத்திரை இருப்பதாலேயே கட்டுரை தேறிவிடாது.

முத்திரை இல்லாவிட்டால் பாதகமும் இல்லை. அமெரிக்க நையாண்டிப் பாடகர் டாம் லேரர் 1953இல் தன் முதல் இசைத்தட்டை எந்த நிறுவனமும் இல்லாமல் சொந்தக் காசில் பதிவு செய்தார். முதலில் அடித்தது 400 பிரதி. ஹார்வர்டு வட்டாரத்தில் விற்று, பிறகு தபாலில் அனுப்பி, வாய்வழியாகவே பரவிய தட்டு அது. இன்று அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம், கட்டுரைக்கு ஒரு குறையும் கிடையாது. சொந்த வெளியீடு என்ற ஒரே காரணத்துக்காக நீக்கச் சொல்பவர்களிடம் நான் லேரரைத்தான் காட்டுவேன்.

எதைப் பற்றி எழுதப் போகிறோம்?

இசை ஆல்பத்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. நகைச்சுவையில் எப்போதும் வரும். ஒரே பேச்சு முதலில் ஊர் ஊராகப் போகும் மேடை நிகழ்ச்சியாக இருக்கும். அப்புறம் நெட்ஃபிளிக்ஸில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக வரும். பிறகு அதே ஒலி ஆல்பமாகவும் வெளியாகும். பத்திரிகை விமர்சனம் இந்த மூன்றில் எதைப் பற்றியது?

அசீஸ் அன்சாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போன தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 2019இல் 'ரைட் நவ்' என்ற அவருடைய நிகழ்ச்சி ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கத்தில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. விமர்சனங்கள் எழுதப்பட்டது அந்த ஒளிபரப்புக்கு. 2020 கிராமி விருதில் சிறந்த நகைச்சுவை ஆல்பத்துக்கான பரிந்துரை கிடைத்தது ஆல்பத்துக்கு. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு கட்டுரை கேட்டு வம்பு செய்யாதீர்கள். உள்ளடக்கம் ஒன்றுதான். ஒரே கட்டுரையில் நிகழ்ச்சியைச் சொல்லி, ஆல்பம் வெளியானதையும் பரிந்துரையையும் ஒரு பத்தியில் சேர்த்தால் முடிந்தது.

சுற்றுப்பயண விமர்சனத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். எடின்பரோ விழாவில் ஆகஸ்டில் பார்த்த நிகழ்ச்சிக்கு ஒருவர் எழுதிய விமர்சனம், அடுத்த வருடம் வந்த ஆல்பத்துக்கான சான்று ஆகாது. இடையில் பாதி ஜோக்குகள் மாறியிருக்கும். பின்னணிப் பகுதிக்கு அதைப் பயன்படுத்தலாம், குறிப்பிடத்தக்கமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் 'ஆக்குபேஷன்: ஃபூல்' ஆல்பம் 1973இல் வந்தது. அதிலிருந்த, ஆபாசச் சொற்களைப் பற்றிய ஒரு துண்டை நியூயார்க்கின் ஒரு வானொலி நிலையம் அதே வருடம் ஒரு பிற்பகலில் ஒலிபரப்பியது. புகார் போய், வழக்காகி, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒளி, ஒலிபரப்பு ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சட்ட நூல்களில் எழுதப்பட்டிருப்பது மலைபோலக் கிடக்கிறது. ஆனால் அந்த மலை முழுக்க ஒரு துண்டையும் ஒரு வழக்கையும் பற்றியது, ஆல்பத்தைப் பற்றியது அல்ல. வழக்குக்குத் தனிக்கட்டுரை இருக்கிறது, அந்த விவரம் போக வேண்டிய இடம் அதுதான். ஆல்பத்துக்குக் கட்டுரை எழுதுபவர் மற்ற துண்டுகளைப் பற்றியும் யார் என்ன எழுதினார்கள் என்று தேடித்தான் ஆக வேண்டும்.

குறுக்குவழிகளும் அவற்றின் குழிகளும்

ஆங்கில விக்கிப்பீடியாவின் இசை விதிமுறையில் ஆல்பங்களுக்குச் சில அடையாளங்கள் கொடுத்திருக்கிறார்கள். நாட்டளவிலான விற்பனைத் தரவரிசையில் வந்திருக்கிறதா, தங்கத்தட்டுச் சான்று பெற்றதா, கிராமி போன்ற பெரிய விருதை வென்றதா அல்லது அதற்குப் பரிந்துரைக்கப்பட்டதா என்கிற மாதிரி. இவற்றில் ஒன்று இருந்தால் கட்டுரை உறுதி என்று அர்த்தமில்லை. "இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றால் யாராவது எழுதியிருப்பார்கள், தேடிப் பாருங்கள்" என்பதற்கான அடையாளம் அது.

பாப் நியூஹார்ட்டின் முதல் ஆல்பத்துக்கு இந்த அடையாளங்கள் எல்லாமே பொருந்தும். கணக்காளராக இருந்த மனிதர். அதற்கு முன் இரவு விடுதி மேடை எதிலும் ஏறியதில்லை. 1960 பிப்ரவரியில் ஹூஸ்டனில் டைட்லண்ட்ஸ் என்ற கிளப்பில் பதிவு செய்த 'தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்' அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்தைப் பிடித்த முதல் நகைச்சுவை ஆல்பம் அதுதான். 1961இல் கிராமியின் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருதும் கிடைத்தது. நகைச்சுவைப் பிரிவு விருது அல்ல, பாட்டு ஆல்பங்களோடு மோதி வாங்கிய பொது விருது. 2006இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். இப்படி ஒன்று கையில் கிடைத்தால் மேலே படிக்கவே வேண்டாம், போய் எழுதுங்கள்.

நமக்குக் கிடைப்பவை அப்படி இருப்பதில்லை. "ஐடியூன்ஸ் நகைச்சுவைப் பட்டியலில் முதலிடம்" என்று கலைஞரின் தளத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரே கடையின் பட்டியலை விக்கிப்பீடியா கணக்கில் எடுப்பதில்லை. நகைச்சுவைப் பிரிவு சின்னது, வெளியான அன்று காலையில் ரசிகர்கள் சேர்ந்து வாங்கினாலே மேலே ஏறிவிடலாம். பில்போர்டின் தனி நகைச்சுவைப் பட்டியல் அதைவிட மதிப்பானதுதான். ஆனாலும் பில்போர்டு 200 என்ற பொதுப் பட்டியலோடு அதைச் சமமாக வைக்கலாமா என்று விவாதங்களில் இழுபறி வரும். பொதுப் பட்டியலின் உச்சி நகைச்சுவைக்கு எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு: 1963இல் ஆலன் ஷெர்மனுக்குப் பிறகு அடுத்த நகைச்சுவை ஆல்பம் அங்கே முதலிடம் வர 2014 ஆயிற்று. அது 'வியர்ட் ஆல்' யாங்கோவிக்கின் 'மேண்டட்டரி ஃபன்'.

தங்கத்தட்டில் ஒரு விஷயம். அமெரிக்காவில் இன்று ஆல்பத்துக்குத் தங்கம் என்றால் ஐந்து லட்சம் அலகு, பிரிட்டனில் ஒரு லட்சம். இந்தச் சான்று தானாக வருவதில்லை. நிறுவனம் விண்ணப்பித்து, தணிக்கைக்குப் பணம் கட்டி வாங்க வேண்டும். அதனால் சான்று இல்லாததை வைத்து விற்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சான்று உண்டா என்பதை அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் தளத்தில் நேரடியாகவே தேடலாம்.

விருதில் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. "கிராமி பரிசீலனைக்கு" என்று விளம்பரம் வரும். போட்டிக்கு அனுப்பப்பட்டது என்பதுதான் அதன் பொருள். அனுப்பப்படுபவை ஏகப்பட்டவை. இறுதிப் பரிந்துரைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை கிராமி தளத்திலேயே பாருங்கள்.

தேடல்

முழு நேரமும் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். நீக்கல் விவாதங்களில் நான் பார்த்த தவறான முடிவுகளில் பாதி, தேடாமல் சொன்ன முடிவுகள். "கூகுளில் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்பார் ஒருவர். 1962இல் வந்த தட்டுக்கு கூகுளின் முதல் பக்கத்தில் என்ன இருக்கும்? விற்பனைக்கு வைத்திருக்கும் பழைய பிரதிகள்தான்.

பழைய ஆல்பம் என்றால் அந்தக் காலத்து வணிகப் பத்திரிகைகளில் தொடங்குங்கள். பில்போர்டு, கேஷ் பாக்ஸ், வெரைட்டி ஆகிய மூன்றும் வாராவாரம் புதுத் தட்டுகளைப் பற்றி எழுதின. வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி என்ற தளத்தில் பில்போர்டு, கேஷ் பாக்ஸ் இதழ்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. பில்போர்டின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸிலும் உண்டு. ஆனால் அந்தக் குட்டி விமர்சனங்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு வரியில் "கடைக்காரர்கள் கவனிக்கவும், நன்றாகப் போகும்" என்றிருப்பதை விரிவான குறிப்பாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இரண்டு வரியால் கிடைப்பது வேறொரு நன்மை. வெளியான வாரம் தெரிந்துவிடும். அதை வைத்து நாளிதழ்களில் குறிபார்த்துத் தேடலாம்.

நாளிதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டுமே என்று தயங்க வேண்டாம். விக்கிப்பீடியா நூலகம் என்று ஒரு வசதி இருக்கிறது. கணக்குத் தொடங்கி ஆறு மாதம் ஆகி, 500 தொகுப்புகள் (திருத்தங்கள்) செய்து, கடைசி ஒரு மாதத்தில் பத்தாவது செய்திருந்தால், தடை எதுவும் இல்லாத பட்சத்தில், கட்டண ஆவணத் தொகுப்புகள் பலவற்றை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். பழைய நாளிதழ்த் தொகுப்புகளும் அதில் உண்டு. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இதுதான்.

புதிய ஆல்பம் என்றால் இடம் மாறும். பிரிட்டிஷ் கலைஞர் என்றால் சார்ட்டில் (Chortle) என்ற நகைச்சுவைத் தளத்தையும், அமெரிக்கர் என்றால் ஏ.வி. கிளப், வல்ச்சர், பேஸ்ட், ஆல்மியூசிக் ஆகியவற்றைப் பார்ப்பேன். ஆல்மியூசிக்கில் பெயர் போட்டு எழுதிய விமர்சனம் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் துண்டுப் பட்டியலும் நட்சத்திரக் குறியும் தரவுப் பதிவு மட்டுமே. டிஸ்காக்ஸ், ரேட் யுவர் மியூசிக் இரண்டும் பயனர்களே நிரப்புபவை. பதிப்பு விவரம் தெரிந்துகொள்ள உதவும், மேற்கோளாக வைக்க முடியாது.

பிறகு, ஆல்பத்தின் பெயர் படுத்தும் பாடு. அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் டிக் நோட்டாரோ 2012 ஆகஸ்ட் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் லார்கோ அரங்கில், தனக்குப் புற்றுநோய் என்று தெரியவந்த சில நாட்களுக்குள் மேடையேறி அதையே பேசினார். அந்தப் பதிவை இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான லூயி சி.கே. தன் தளத்தில் ஐந்து டாலருக்கு விற்றார். ஆல்பத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'லைவ்', சொல்ல வேண்டியது 'லிவ்'. நேரடி நிகழ்ச்சி என்றும் படிக்கலாம், உயிரோடு இரு என்றும் படிக்கலாம். அழகான தலைப்புதான், ஆனால் தேடுபொறியில் போட்டால் உலகத்தில் உள்ள நேரலை அத்தனையும் வந்து நிற்கும். இப்படிப்பட்ட தலைப்புகளுக்குக் கலைஞர் பெயரோடு அரங்கின் பெயர், நிறுவனத்தின் பெயர், பேசப்பட்ட ஒரு துண்டின் தலைப்பு என்று எதையாவது சேர்த்துத் தேடுங்கள். நோட்டாரோவுக்கு அந்த அளவு சிரமப்படத் தேவையில்லை. அன்றைய இரவைப் பற்றிப் பெரிய பத்திரிகைகளே எழுதின, கிராமி பரிந்துரையும் பின்னால் வந்தது. கடையில் தட்டாக வராமல் ஒரு இணையதளத்தில் மட்டும் முதலில் விற்கப்பட்ட ஆல்பமும் தேறும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

புத்தகங்களை மறந்துவிடாதீர்கள். நகைச்சுவை வரலாறு, கலைஞரின் வாழ்க்கை வரலாறு, ஒலிப்பதிவு நிறுவனத்தின் வரலாறு என்று மூன்று அலமாரி. கலைஞரே எழுதிய தன்வரலாறு மட்டும் சார்பற்றது ஆகாது.

எடைபோடுவது

கிடைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். சார்பற்றதா? நம்பகமானதா? விரிவானதா? மூன்றுக்கும் 'ஆம்' வந்தால்தான் அது கணக்கில் சேரும். இரண்டு ஆம், ஒரு இல்லை என்றால் அது பூஜ்யம்தான், முக்கால் மதிப்பெண் எல்லாம் இங்கே கிடையாது.

ஒரு கற்பனை ஆல்பத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எட்டு இணைப்புகள் கிடைத்திருக்கின்றன. முதலாவது நிறுவனத்தின் செய்திக்குறிப்பு. சார்புள்ளது, தள்ளுங்கள். இரண்டாவது ஒரு செய்தித்தளம், ஆனால் படித்தால் அதே செய்திக்குறிப்பு வாக்கியம் மாறாமல் இருக்கிறது. அதுவும் முதலாவதுதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. மூன்றாவது ஒரு பாட்காஸ்ட் பேட்டி, ஒரு மணி நேரம் ஆல்பத்தைப் பற்றியே பேச்சு. விரிவுக்குக் குறைவில்லை, ஆனால் பேசுவது கலைஞரே. தன் படைப்பைப் பற்றித் தானே சொல்வது சார்பற்ற சான்று ஆகாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நகைச்சுவைக் கலைஞர்கள் பாட்காஸ்டுக்குப் பாட்காஸ்ட் போய்க்கொண்டே இருப்பதால் பேட்டிகள் குவிந்துவிடும், குவியலைப் பார்த்து நாமும் மயங்கிவிடுவோம்.

நான்காவது, "இந்த வருடத்தின் சிறந்த இருபது நகைச்சுவை ஆல்பங்கள்" என்ற பட்டியலில் பதினேழாவது இடம், கீழே மூன்று வரி. நல்ல பத்திரிகைதான், விரிவு போதாது. அந்த மூன்று வரி ஒரு முழுப் பத்தியாக, ஆல்பத்தின் உள்ளடக்கத்தைத் தொட்டுப் பேசுவதாக இருந்தால் நான் அரைமனதோடு ஆதரிப்பேன், எதிர்ப்பவர்களும் இருப்பார்கள். ஐந்தாவது ஒரு ரசிகரின் வலைப்பூ. அருமையாக எழுதியிருக்கிறார், சில விமர்சகர்களைவிட நன்றாகவே. ஆனால் ஆசிரியர் குழுவின் சரிபார்ப்பு இல்லாத சொந்த வெளியீடு. தள்ளும்போது மனசு கேட்காது, தள்ளித்தான் ஆக வேண்டும். ஆறாவது ஒரு நகர நாளிதழில் கலைஞரைப் பற்றிய ஆயிரம் சொல் கட்டுரை, அதில் ஆல்பத்துக்கு ஒரே வாக்கியம். அது கலைஞரின் கட்டுரைக்கு உதவும். ஏழாவது, பெயர் தெரிந்த ஒரு இதழில் பெயர் போட்டு எழுதிய அறுநூறு சொல் விமர்சனம். ஆம், ஆம், ஆம். எட்டாவது, அதே இதழில் அதே விமர்சகர் வருடக் கடைசியில் மறுபடி எழுதியது. இரண்டையும் ஒரே சான்றாகத்தான் எண்ண முடியும்.

எட்டு இணைப்பில் தேறியது ஒன்று. கட்டுரையின் அடியில் எட்டு மேற்கோள் எண்கள் வரிசையாக நிற்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விவாதத்தில் யாராவது இப்படி ஒரு அட்டவணை போட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அதை நீங்களே முன்னதாகப் போட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை இருந்தால் போதும்? விதியில் 'பல' என்றுதான் இருக்கிறது, எண் இல்லை. நடைமுறையில் மூன்று நல்ல சான்று இருந்தால் யாரும் கை வைப்பதில்லை. இரண்டு இருந்தால் வாதாடலாம். ஒன்று போதவே போதாது.

என்னுடைய சொந்தச் சோதனை ஒன்றும் உண்டு. துண்டுப் பட்டியலையும் பக்கவாட்டுத் தகவல் பெட்டியையும் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? 1962இல் வந்த 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி'யில் இதைச் செய்து பார்த்தால் தெரியும். கென்னடி குடும்பத்தைக் கிண்டல் செய்த ஆல்பம். வான் மீடர் கென்னடியாக நடித்து அதைப் பதிவு செய்தது அக்டோபர் 22 இரவு. அதே மாலையில்தான் நிஜக் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி கியூபாவில் ஏவுகணைகள் இருப்பதை நாட்டுக்குச் சொன்னார். ஆல்பம் பல லட்சம் பிரதிகள் விற்றது, ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது வாங்கியது. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி கொல்லப்பட்டதும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. துண்டுப் பட்டியலே இல்லாமல் ஒரு முழுக் கட்டுரை அங்கே இருக்கிறது. எல்லா ஆல்பமும் இப்படி இருக்க வேண்டியதில்லை. பதிவு, வரவேற்பு என்று இரண்டு பத்தியாவது பிறர் எழுதியதை வைத்து எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

தேறவில்லை என்றால்

கட்டுரை இல்லை என்பதால் தகவலே போய்விடாது. கலைஞரின் கட்டுரையில் ஆல்பங்களுக்கு ஒரு பகுதி இருக்கும். அங்கே இரண்டு மூன்று வரியில் ஆல்பத்தைச் சொல்லி, அந்த ஒரு நல்ல விமர்சனத்தை மேற்கோளாக வைத்து, ஆல்பத்தின் பெயரில் அந்தப் பகுதிக்கு வழிமாற்று வையுங்கள். தேடி வருகிறவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

கலைஞருக்கே கட்டுரை இல்லாதபோது ஆல்பத்துக்கு எழுதத் தொடங்காதீர்கள். அப்படிப்பட்ட ஆல்பக் கட்டுரையில் முக்கியத்துவத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை என்றால், விவாதமே இல்லாமல் விரைவு நீக்கல் செய்ய ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி விதியே இருக்கிறது.

தேறுகிறது என்றால்

நேராக வெளியிடாமல் வரைவாகத் தொடங்குங்கள். ஆனால் அங்கேயே போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். ஆறு மாதம் யாரும் தொடாத வரைவை நீக்கிவிடலாம் என்பது விதி. முதல் தொகுப்பிலேயே உங்களுடைய சிறந்த இரண்டு மூன்று சான்றுகள் இருக்கட்டும். பரிசீலிப்பவர் இருபது இணைப்பைத் திறந்து பார்க்க மாட்டார்.

நகைச்சுவைக்கே உரிய ஒரு எச்சரிக்கை: ஜோக்குகளை அப்படியே எழுதி வைக்காதீர்கள். அது பதிப்புரிமை உள்ள உரை. விமர்சகர் எடுத்துக்காட்டிய ஒரு வரி, கருத்தை விளக்கத் தேவைப்பட்டால், போதும். அட்டைப்படத்தை ஆங்கில விக்கிப்பீடியா நியாயப் பயன்பாட்டின் கீழ் ஏற்கிறது, ஆனால் சிறிய அளவில், அந்த ஆல்பத்தின் கட்டுரையில் மட்டும். எல்லா விக்கிகளுக்கும் பொதுவான படக் கிடங்கான பொதுவகத்தில் (விக்கிமீடியா காமன்ஸ்) ஏற்றினால் நீக்கிவிடுவார்கள்.

நீங்கள் கலைஞரின் நண்பர், மேலாளர், நிறுவன ஊழியர் என்றால் எழுதுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். பணம் வாங்கி எழுதுவதை மறைப்பது பயன்பாட்டு விதிகளையே மீறுவது.

நீக்கல் விவாதத்தில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். தலை எண்ணி முடிவு செய்வதில்லை. பத்துப் பேர் "வைத்திருங்கள்" என்று வெறுமனே சொல்வதைவிட, ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு நாளிதழ் விமர்சனத்துக்கு எடை அதிகம். நண்பர்களைத் திரட்டி வராதீர்கள், அது உடனே தெரிந்துவிடும், உங்கள் பக்கத்துக்குத்தான் கெடுதல். "அந்த ஆல்பத்துக்குக் கட்டுரை இருக்கிறதே" என்றும் வாதாடாதீர்கள். அதையும் நீக்க வைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள்.

தமிழில்

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தனி விதிகளும் தனிச் சமூகமும் உண்டு. ஆங்கிலத்தில் கட்டுரை இருப்பது இங்கே தேறுவதற்கான சான்று ஆகாது. ஆனால் அடிப்படைக் கேள்வி அதேதான்.

நம்மிடம் ஆல்பம் என்ற வடிவம் வேறு மாதிரி வந்தது. எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் நாடகங்கள் ஒலிநாடாவில் வீடு வீடாகச் சுற்றின. 'திருவிளையாடல்' தருமி வசனத்தை டேப்பில் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று இருக்கிறது. தருமி விஷயத்தில் கார்லின் கணக்குதான் பொருந்தும். எழுதப்பட்டதெல்லாம் நாகேஷின் நடிப்பையும் 1965 படத்தின் அந்தக் காட்சியையும் பற்றியது, ஒலிநாடாவைப் பற்றியது அல்ல. அதனால் படத்தின் கட்டுரையிலேயே சேர்க்கலாம். நாடக ஒலிநாடாவுக்கும் பெரும்பாலும் நாடகத்தின் பெயரில் கட்டுரை எழுதி, ஒலிநாடாவாக வந்ததை உள்ளே சொல்வதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

சான்று தேடுவதுதான் இங்கே சிரமம். விமர்சனங்கள் இருந்தால் ஆனந்த விகடன், குமுதம், கல்கி போன்ற பழைய இதழ்களில் இருக்கும், இணையத்தில் தேடினால் சிக்காது. இணையத்தில் இல்லாத சான்றும் செல்லும். இதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் இருந்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முதலில் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நடை போகலாம். ஈழத்துக் கலைஞர் என்றால் நூலகம் திட்டத்தின் இணையத் தொகுப்பில் பழைய இதழ்கள் நிறைய உண்டு. எடுத்த பக்கத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது பேச்சுப் பக்கத்தில் கேட்டால் அந்த வரியை அப்படியே எடுத்துச் சொல்லலாம்.

என்னுடைய அந்தப் பழைய ஆல்பம் இன்னும் வழிமாற்றாகத்தான் இருக்கிறது. வழிமாற்றின் வரலாற்றில் நான் எழுதிய பதினான்கு துண்டுகளும் நிமிடக் கணக்கோடு பத்திரமாக இருக்கின்றன. போன வருடம் ஒரு நகைச்சுவை வரலாற்றுப் புத்தகத்தில் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்தேன். பக்க எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்று வேண்டும்.